துண்டு கொடுக்கும் வயது

கேரளத்து லாட்டரிச் சீட்டு வாங்கப் பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும். கோவாவில் சூதாட்டக் கப்பலுக்குள் நுழைய இருபத்தொன்று. கைப்பேசியில் காசு வைத்து ரம்மி ஆடுகிறவர்களிடம் ஆதார் எண்ணைக் கேட்டுப் பதினெட்டு ஆகிவிட்டதா என்று பார்த்தார்கள். பிறகு காசு வைத்து ஆடுவதையே தடை செய்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் நான் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தவன்கூட இல்லை. ஊரில் என்னைக் கஞ்சன் என்பார்கள்.

இந்த வயதுகளை நான் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்ததற்குக் காரணம், எங்கள் ஊரில் பந்தயம் கட்டுவதற்கென்று இருக்கிற இன்னொரு வயது. எந்தச் சட்டத்திலும் அது எழுதியிருக்கவில்லை. என்னைவிட ஒரு வருடம் இளையவனான என் அத்தை மகனுக்கு அது பதினேழில் வந்தது. எனக்கு இருபத்துநாலு முடிகிறவரை வரவில்லை.

உப்பூரிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் நெல், கொஞ்சமாகப் பெய்தால் குண்டு மிளகாய், பெய்யாவிட்டால் கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் வெட்டுவது. ஆடி மாதம் காளி கோவில் பொங்கலுக்கு மறுநாள் காலையில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். ஊர் எல்லையில் கொடி அசைத்தால், உப்பூர் போகிற சாலையில் ஓடி, அங்கே நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மாட்டின் வயதை வைத்து வண்டிகளைப் பிரிப்பார்கள். வளர்ந்த காளைகள் ஓடுவது பெரிய மாட்டுப் பந்தயம். இன்னும் பல் போடாத இளங்காளைகள் ஓடுவது பூஞ்சிட்டு.

அங்கே அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, இரண்டு வேலை. முதல் வேலை பல் பார்ப்பது. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள் உண்டு. பால் பற்கள் சின்னதாக, அரிசி மாதிரி இருக்கும். அவை விழுந்து, நடுவில் அகலமாக இரண்டு பல் முளைத்துவிட்டால் அந்தக் காளை பூஞ்சிட்டில் ஓடக் கூடாது. பூஞ்சிட்டுக்கு வந்த ஒவ்வொரு காளையின் மூக்கணாங்கயிற்றையும் பிடித்து, உதட்டை இழுத்து, பெருவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்து அய்யா சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். வண்டிக்காரர்கள் கெஞ்சுவார்கள். "நேத்து வரைக்கும் இல்லண்ணே, சாமி சத்தியமா இல்ல." அய்யா அசைய மாட்டார். "நேத்து நடந்த பந்தயத்துக்கு நேத்து கூட்டியாந்திருக்கணும்."

இரண்டாவது வேலை துண்டு பிடிப்பது. எங்கள் ஊரில் பந்தயம் கட்டுகிறவர்கள் பணத்தைக் காட்ட மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அய்யாவிடம் கொடுத்து, "செவலைக்கு" என்றோ "மயிலைக்கு" என்றோ மாட்டின் நிறத்தைச் சொன்னால் போதும். எதிர்த்துக் கட்டுகிறவனின் துண்டையும் வாங்கி, இரண்டின் நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, இடது கையில் தொங்கவிட்டுக்கொள்வார். பந்தயம் முடிகிறபோது அவர் கையைப் பார்த்தால் துணிக்கடையில் நிற்கிறவர் மாதிரி இருக்கும். செயித்தவன் இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வருவான். தோற்றவன் வெறும் தோளோடு வீட்டுக்குப் போய், பொழுது சாய்வதற்குள் ஒருநாள் முழுக்கூலியைக் கொண்டுவந்து செயித்தவனிடம் கொடுத்துத் துண்டை மீட்க வேண்டும். ஒருநாள் கூலிதான். அதற்குமேல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது. நிலம் வைத்திருப்பவருக்கும் அதேதான், அவர் நிலத்தில் மிளகாய்ப் பழம் எடுப்பவருக்கும் அதேதான்.

அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது துண்டு இருந்தாலும் எது யாருடையது என்று துண்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். பாம்பனிலிருந்து இருசக்கர வண்டியில் கருவாடு கொண்டுவந்து விற்கும் வியாபாரி ஒருவர் தவறாமல் பந்தயம் கட்டுவார். அவர் துண்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அவரிடம் செயித்தவர்கள், "அண்ணே, காச அப்பறம் குடுங்க, மொதல்ல துண்ட எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பின்னாலேயே ஓடுவார்கள்.

பந்தயம் ஒருநாள் முழுக்கூலி என்பதால், முழுக்கூலி வாங்காதவன் கட்ட முடியாது. அதுதான் எங்கள் ஊர்ச் சட்டம். வேலைக்குப் புதிதாகப் போகிற பையனுக்கு அரைக்கூலி கொடுப்பார்கள். பெரிய ஆட்களுக்குச் சமமாக வெட்டவும் சுமக்கவும் தொடங்கியபிறகு ஒருநாள் முழுக்கூலி கைக்கு வரும். அந்த வாரமே அவன் சந்தையில் துண்டு வாங்கிவிடுவான். என் அத்தை மகன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினேழு வயதில் துண்டோடு வந்து அய்யாவின் முன்னால் நின்றான். அய்யா அதை வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அந்த ஆடியில்தான் நானும் போய் நின்றேன். அப்போது ராமநாதபுரத்தில் கல்லூரி முதல் வருடம் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், படித்தவனுக்கு உலகமே விட்டுக்கொடுக்கும் என்று ஒரு நினைப்பு இருந்தது. சட்டப்படி எனக்குப் பதினெட்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஆர்.எஸ்.மங்கலம் சந்தையில் பச்சைக் கரை போட்ட துண்டு ஒன்று வாங்கி, முழுக்கால் சட்டையோடு அதைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன்.

"என்னலே?" என்றார் அய்யா.

"நானும் கட்டுறேன்யா. செவலைக்கு."

அவர் துண்டை வாங்கினார். துண்டை உதறினார். முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், அக்குளையும் துடைத்தார். பிறகு அதை என் தலைமேல் போட்டார்.

"வெயிலு ஏறுது. மண்டையில போட்டுக்க."

கருவாட்டு வியாபாரி கேட்டார்: "புதுத் துண்டாச்சே, தண்ணி உறியுதாண்ணே?"

"இன்னும் ரெண்டு தடவ நனைக்கணும்" என்றார் அய்யா. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவன் அத்தை மகன்.

"ஏலே மாப்ள, சட்டமே உன்னய விட்டுருச்சாம்ல. உங்கய்யா விட மாட்டேங்குறாரே!"

மத்தியானம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் வழக்காடினேன்.

"எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. ஓட்டே போடலாம்."

"போடு. யாரு வேணாங்குறா."

"அவனுக்குப் பதினேழுதான். அவந் துண்ட வாங்குனீகளே. சட்டப்படி அதுதான் தப்பு."

"சட்டத்துக்குப் பல்லப் பாக்கத் தெரியுமாலே? அவன் முழுக்கூலிக்காரன்."

"நெசத்துல இவனுக்குப் பதினெட்டும் ஆகலைங்க" என்றார் அம்மா, குழம்பை ஊற்றிக்கொண்டே. "மாசி வந்தாத்தான் ஆகும்."

அதுவும் உண்மைதான். நான் பிறந்தது மிளகாய்ப் பழம் எடுக்கிற காலத்தில். பள்ளியில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறையவில்லை என்பதற்காகத் தலைமை ஆசிரியர் எட்டு மாதத்தைப் பின்னால் தள்ளி, ஜூனில் ஒரு தேதியை எழுதிவிட்டார். அப்படியாக என் எல்லாச் சான்றிதழ்களும் என்னைவிட எட்டு மாதம் மூத்தவை.

அம்மா அதோடு விடவில்லை. அய்யாவைப் பார்த்துக் கேட்டார்: "அதென்ன முழுக்கூலி, முழுக்கூலி? பொம்பளைகளுக்கு எந்தக் காலத்துல முழுக்கூலி குடுத்தீக? இடுப்பு ஒடிய நானும் இருபது வருசமாப் பழமெடுக்குறேன். அப்ப நானும் இன்னும் சின்னப் புள்ளதானா?"

அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "நீ துண்டு போடுறியா?" என்றார்.

"போட்டா செயிச்சுருவேன். அதான் போடல."

அதன்பிறகு இரண்டு ஆடி போயிற்று. நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். கல்லூரி விடுதியில் என் அறைத் தோழர்கள் கைப்பேசியில் ரம்மி ஆடுவார்கள். ஆதார் கேட்கும் விதி அப்போது வரவில்லை; அந்தச் செயலி முதலில், உங்களுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா என்று கேட்கும். ஆம் என்று ஒரு தடவை தொட்டால் உள்ளே விட்டுவிடும். தோழன் ஒருவன் என் கைப்பேசியிலும் அதைப் போட்டுக் கொடுத்தான். நான் ஆம் என்று தொட்டேன். உடனே வரவேற்றது. அப்படியே மூடிவிட்டேன். யாருக்கும் தெரியாமல் பெரிய மனிதனாகி என்ன செய்வது? அய்யாவின் கை என் துண்டை வாங்க வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது வருடப் பரீட்சைகள் முடிந்த ஜூனில், கோவாவில் இருபத்தொன்று என்று படித்தேன். எனக்கும் இருபத்தொன்று ஆகியிருந்தது. இந்த முறை சட்டம் பேசவில்லை. முழுக்கூலி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஊருக்கு வந்தபோது கண்மாயில் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அய்யாதான் ஆள் கூட்டிப் போகிறவர். கூலியைக் குத்தகைக்காரரிடம் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பவரும் அவர்தான். கோடாலியோடு நானும் கிளம்பினேன். அய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார். "செருப்பு தடிச்சதாப் போட்டுக்க" என்றார். தடுக்கவில்லை.

கருவேல மரம் வெட்டுவது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அரைமணி நேரத்தில் தெரியாது என்று தெரிந்துவிட்டது. மரத்தை வெட்டுவதைவிட அதன் கிளைகளுக்குள் போய் நிற்பதுதான் வேலை. ஒரு வெட்டுக்கு இரண்டு முள். அத்தை மகன் பாட்டுப் பாடிக்கொண்டு வெட்டினான். அவ்வப்போது என் பக்கம் திரும்பி, "மாப்ள, மரத்துக்கிட்ட இங்கிலீசுல சொல்லிப் பாரு, தானா விழுந்தாலும் விழும்" என்றான்.

சாயங்காலம் அய்யா கூலி பிரித்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாக என் கையில் வைத்தார். பாதி.

"ஏன்யா பாதி?"

"திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். அத்தை மகன் வெட்டிப் போட்ட விறகுக் குவியல் ஆள் உயரம் இருந்தது. பக்கத்தில் என்னுடையது இடுப்பளவுகூட இல்லை. பாதி கொடுத்ததே சொந்தப் பாசத்தில்தான்.

வீட்டில் அம்மா ஊக்கை வைத்து என் உள்ளங்கையிலும் முழங்கையிலும் முள் எடுத்தார். ஒவ்வொரு முள்ளுக்கும் அய்யாவுக்கு ஒரு திட்டு. "படிக்கிற கைய இப்புடியா ஆக்குவாக. ஒரு பேச்சு, வேணாம்டான்னு சொல்லப்படாதா? சொல்ல மாட்டாக. பாதிக்கூலியக் குடுத்துட்டு மாட்டுக்கிட்டப் போயி நிக்கிறாக." பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "முழுசாக் குடுத்திருந்தா நாளைக்கும் போவ. அந்தப் பயம் அவுகளுக்கு" என்றார்.

தொழுவத்திலிருந்து அய்யாவின் குரல் வந்தது. "முள்ள எடுக்கச் சொன்னாக் கதைய எடுக்குறா."

மறுநாள் காலையில் கோடாலியைத் தேடினேன். கூரை எரவாணத்தில் இல்லை, விறகுக் கொட்டகையில் இல்லை. அத்தை மகனிடம் கேட்டபோது, "உங்கய்யா விடியமுன்னயே எங்க வீட்டுல கொண்டாந்து குடுத்துட்டாரு மாப்ள. வச்சுக்க, அவனுக்கு இனி ஆகாதுன்னாரு" என்றான். அந்தக் கோடாலி அய்யா பதினாலு வயதிலிருந்து வைத்திருந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைக்கே லாயக்கில்லாதவன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாரே என்று பேருந்து ஏறிப் போய்விட்டேன். அந்த ஆடிக்கு ஊருக்கு வரவேயில்லை.

பட்டப்படிப்பு முடிந்து அரசுத் தேர்வுக்குப் படித்தேன். அதற்குத்தான் சூதாட்டச் சட்டங்களை ஒழுங்காகப் படிக்க நேர்ந்தது. கோவா, கேரளம் என்று படித்துக்கொண்டே வந்து, நம்மூரில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் காசு கட்ட என்ன வயது என்று தேடினேன். வயதே இல்லை. எண்பது வயதுக்காரரும் கட்டக் கூடாது. அன்றைக்கே அய்யாவைக் கைப்பேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்பச் சட்டத்துக்கு நாம எல்லாருமே சின்னப் புள்ளைகதானா?" என்று சிரித்தார். பிறகு, "சாப்பிட்டியாலே?" என்றார். எங்கள் பேச்சு எப்போதும் அங்கேதான் வந்து முடியும்.

இரண்டாவது முயற்சியில் தேறினேன். மாவட்டத்திலேயே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. சேர்ந்தது ஆனி மாதம். மனு வாங்குவது, கோப்பு எடுத்துவைப்பது, ஆணை தட்டச்சுச் செய்வது. ஆடி பிறப்பதற்கு முன்னால் என் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒன்று, எங்கள் ஊர்ப் பந்தயத்துக்கு அனுமதி கேட்ட மனு. விழாக் குழுவினரின் கையெழுத்துகளுக்குக் கீழே அய்யாவின் கைநாட்டு இருந்தது. மையில் அவர் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் மாட்டுப் பல்லைத் தடவிய விரல்.

அனுமதி ஆணையை நான்தான் தட்டச்சுச் செய்தேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வண்டி ஓட்டக் கூடாது. மாடுகளை ஆணி வைத்த கம்பால் குத்தக் கூடாது. பதினோராவது நிபந்தனை: பந்தயத்தின்மீது பணமோ பொருளோ கட்டிச் சூதாடக் கூடாது, மீறினால் விழாக் குழுவினர் பொறுப்பு. இது எல்லா ஊருக்கும் போகிற வாசகம்தான். எல்லா ஊரிலும் ஆணையை வாங்கி உண்டியலுக்குள் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் துண்டு பிடிக்கும் கை என் அய்யாவுடையது. அந்த நிபந்தனையை அடித்த விரல்கள் என்னுடையவை. மேலதிகாரி, "உங்க ஊரா தம்பி?" என்றார். "ஆமா சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

முதல் மாதச் சம்பளம் வந்த வாரத்தில்தான் பொங்கல். ஊர் நிறுத்தத்தில் இறங்கினதும் டீக்கடையிலிருந்து அத்தை மகன் எழுந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டான். அவனுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது.

"மாப்ள, சம்பளம் வாங்கிட்டியாம்ல. முழுக்கூலி! நாளைக்கு உன் துண்டுக்கும் எந் துண்டுக்கும்தான் முடிச்சு. ஊருக்கே சொல்லியாச்சு."

"யாரு சொன்னா?"

"உங்கய்யாதான். நாலு நாளா வேற பேச்சே இல்ல."

வீட்டுக்குப் போனேன். கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை.

"புதுசு தண்ணி உறியாது" என்றார் அய்யா, எங்கோ பார்த்துக்கொண்டு. "அதான் ரெண்டு தடவ நனச்சுப் போட்டேன். நாளைக்கு நீ குடுக்கணும்ல."

ஆறு வருடமாக நான் கேட்டது அந்தக் கொடியில் தொங்கியது. நான் பையிலிருந்து ஆணையின் நகலை எடுத்தேன். அதை அன்றைக்கே எடுக்காமல் இருந்திருக்கலாம். ஒருநாள் துண்டைக் கொடுத்துவிட்டு மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று பேருந்தில் வரும்போது நினைத்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் கைநாட்டு அவருடையது. ஏதாவது ஆனால் முதலில் கூப்பிடப்படுவது அவர்தான்.

முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அய்யா குந்தி உட்கார்ந்து கேட்டார்.

"இதெல்லாம் நீ அடிச்சதா?"

"ஆமாய்யா."

"ஒரு எழுத்து விடாம?"

"ஆமாய்யா."

"அந்தப் பதினொண்ணு எங்கன இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினேன். அய்யா அந்த வரியைப் பெருவிரலால் ஒருமுறை தடவினார், மாட்டின் உதட்டை இழுத்துப் பல்லைத் தடவுகிற மாதிரியே. கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

"சரி. கூடாதுன்னாக் கூடாதுதான்."

அவ்வளவுதான் சொன்னார். துண்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து உள்ளே வைத்தவர் அம்மா.

மறுநாள் சாலையோரம் முழுக்கச் சனம். அய்யா காளைகளின் பல்லைப் பார்த்தார். ஒரு காளையைப் பூஞ்சிட்டிலிருந்து விலக்கினார். வண்டிக்காரன் கெஞ்சினான். அதெல்லாம் வழக்கம்போல. பிறகு ஆட்கள் துண்டோடு வரத் தொடங்கினார்கள்.

"இந்த வருசம் இல்ல" என்றார் அய்யா.

"என்னண்ணே, வெளயாடுறியா?"

"பதினொண்ணாவதுல போட்டிருக்கு. எம்மவன் அடிச்சிருக்கான்."

யார் கேட்டாலும் அதையே சொன்னார். பதினொன்று என்று சொல்லும்போதெல்லாம் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தார், அந்த வரி அங்கே இருப்பது மாதிரி. சிலர் முனகினார்கள். "மகன் உத்தியோகத்துக்குப் போனா அப்பன் கலெக்டராயிருவாரோ" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அத்தை மகன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருவாட்டு வியாபாரி மட்டும் விடவில்லை.

"எந் துண்ட மட்டுமாவது பிடிங்கண்ணே. பழக்கமாயிப் போச்சு."

"ஒந் துண்டச் சட்டமே வாங்கச் சொன்னாலும் நான் இனி வாங்க மாட்டேன்" என்றார் அய்யா. அப்போதுதான் கூட்டம் கொஞ்சம் சிரித்தது.

கொடி அசைந்தது. வண்டிகள் பறந்தன. எல்லோரும் சாலையைப் பார்த்தார்கள். நான் அய்யாவைப் பார்த்தேன். அவருடைய இடது கை, துண்டுகள் தொங்குவதற்கு மடக்குகிற மாதிரியே மடங்கி, வயிற்றுக்குமுன்னால் நின்றது. அதில் ஒன்றும் இல்லை. வண்டிகள் திரும்பி வந்து, பரிசு கொடுத்து முடிகிறவரை அவர் அந்தக் கையை இறக்கவில்லை. செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் வீட்டில் அம்மா சோறு போட்டார். சாப்பிட்டு எழுந்த அய்யா தொழுவத்துக்குப் போனார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா."

போன வருடம் வாங்கிய காளங்கன்று அங்கே நின்றது. காதில் மஞ்சள் வில்லை மாட்டியிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து மாட்டியபோது ஊருக்கு வந்திருந்த நான்தான் அதற்குரிய அட்டையை நிரப்பினேன். எப்போது பிறந்தது என்று விற்றவருக்கே தெரியாது. குத்துமதிப்பாக ஒரு மாதத்தை எழுதியிருந்தேன்.

"இதுக்கு என்ன வயசு?"

மனதுக்குள் எண்ணினேன். "ரெண்டு வருசத்துக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

"அப்பப் பல்லு போட்டிருக்குமா?"

"போட்டிருக்காது. அட்டைப்படி இன்னும் நாளாகும்."

"போட்டிருச்சுங்கேன் நான்." அய்யா தன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "கட்டுறியா?"

அய்யா பந்தயம் கட்டி நான் பார்த்ததே இல்லை. பதினோராவது நிபந்தனை பந்தயச் சாலைக்குத்தான், தொழுவத்துக்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான விளக்கம்தானா என்று இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் தேடவில்லை.

அம்மா உள்ளே போய் அந்தச் சிவப்புக் கரைத் துண்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "ரெண்டு பேரும் எங்கிட்டக் குடுங்க. இன்னைக்கு நான் பிடிக்கிறேன்" என்றார். முதலில் அய்யா கொடுத்தார். பிறகு நான் கொடுத்தேன். அம்மா முடிச்சுப் போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "கட்டுறது ஒருநாள் கூலியில்ல? உன் ஒருநாள் கூலி எம்புட்டுடா?"

சம்பளத்தை முப்பதால் வகுத்துச் சொன்னேன். அம்மா அய்யாவைப் பார்த்தார். கன்று வாலைச் சுழற்றி ஈ விரட்டியது.

"ஒக்காந்துக்கிட்டேவா?" என்றார் அய்யா.

"ஆமாய்யா."

"முள்ளுக் கிள்ளு?"

"இல்லய்யா. தலைக்கு மேல காத்தாடி ஓடும்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கன்றின் கழுத்தைத் தடவினார். "உதட்ட இழுத்துப் பாரு" என்றார். "பயப்படாத, கடிக்காது."

இழுத்துப் பார்த்தேன். பால் பற்களுக்கு நடுவில், ஈரமாக, வெள்ளையாக, அகலமாக இரண்டு பல். முளைத்து ஒரு வாரம்கூட இருக்காது.

"நாந்தான் தெனமும் புல்லுப் போடுறேன்" என்றார் அம்மா. "எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

அம்மா கையிலிருந்து முடிச்சோடு இரண்டு துண்டையும் அய்யா வாங்கினார். முடிச்சு நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீக?" என்றார் அம்மா.

"டீக்கடைக்கு."

"இப்பத்தான சோறு தின்னீக!"

அய்யா தெருவில் இறங்கினார். நேரே போனால் டீக்கடை நாலு வீடு தள்ளி. அவர் கோவில் பக்கமாகத் திரும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். வாசலில் நின்ற எனக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்கிற குரல் காதில் விழுந்தது. "என்னண்ணே, துண்டு ரெண்டு கெடக்கு? யாருகிட்டச் செயிச்சது?" அதற்கு அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் ஒருநாள் சம்பளத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "இருக்கட்டும்" என்றார். அடுத்த மாதம் ஊருக்குப் போனபோதும் நீட்டினேன். "அப்பறம் பாப்பம்" என்றார். முறைப்படி அது தப்பு. தோற்றவன் காசு கொடுத்தால் செயித்தவன் துண்டைக் கொடுத்தாக வேண்டும். சட்டம் தெரிந்தவர்தான் அதை மீறிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அத்தை மகன் கைப்பேசியில் கூப்பிட்டான். எங்களுக்குள் கோபம் தீர்ந்து வெகுநாளாகிறது.

"மாப்ள, உங்கய்யா இன்னும் ரெண்டு துண்டோடதான் திரியுறாரு. இந்த வெயில்ல கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. ஒண்ணத் திருப்பி வாங்கிக்கயேன்டா."

"கேட்டுப் பாத்துட்டேன்" என்றேன். "தர மாட்டேங்குறாரு."